காபி ஸ்டவுட்டைச் சுவைப்பது எப்படி: புதுச்சேரியில் முதன்முறை குடிப்பவர்களுக்கான வழிகாட்டி

ஸ்டவுட் என்னும் கருப்பு பீரை, அதிலும் காபி சேர்த்துக் காய்ச்சிய வலுவான வகையை, முதன்முறையாக வாங்குபவர்களில் பெரும்பாலோர் அதை வழக்கமான பீரைக் குடிப்பதுபோலவே குடித்துப் பார்க்கிறார்கள். வெயில் நேரத்தில் நல்ல கூலிங்கில் இருக்கும் பாட்டிலைத் திறந்து, நான்கு மடக்கில் பாதியை உள்ளே தள்ளிவிட்டு, ஆறிப்போன டிகாக்ஷனில் சோடா ஊற்றிக் கொடுத்ததுபோல் இருக்கிறது என்று மீதியை நண்பர் பக்கம் நகர்த்திவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்புக்குக் காரணம் பெரும்பாலும் அளவுக்கு மீறிய குளிர்ச்சியும் அவசரமும்தான். குளிர்காலக் குளிர் கடுமையாக இருக்கும் நாடுகளில், கணப்புக்கு அருகில் அமர்ந்து சிறுகச் சிறுகக் குடிப்பதற்கு ஏற்ற பானம் இது. அதைக் கடற்கரை ஊரின் மே மாத மதியத்தில் தாகத்துக்குக் குடித்தால் அது தன்னை வெளிக்காட்டாது.

இந்த வகை பீரைச் சுவைப்பதில் கற்றுக்கொள்ள வேண்டியது அடிப்படையில் ஒன்றுதான். குவளையிலிருந்து எழும் வறுத்த மணத்தில் எவ்வளவு பார்லியிலிருந்து வருகிறது, எவ்வளவு காபிக்கொட்டையிலிருந்து வருகிறது என்று பிரித்தறிவதே அது. காலையும் மாலையும் ஃபில்டர் காபி குடித்து வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. தூள் பழையதா புதியதா, சிக்கரி கூடிவிட்டதா, இது இரண்டாம் டிகாக்ஷனா என்று முதல் வாயிலேயே சொல்லிவிடும் நாக்கு நம் வீடுகளில் அபூர்வமன்று. அந்த நாக்கைப் பீரின் பக்கம் திருப்புவதற்கான வழிமுறைகளே கீழே தரப்பட்டுள்ளன. புதுச்சேரியில் மது அருந்தச் சட்டம் அனுமதிக்கும் வயது 18, தமிழ்நாட்டில் 21 என்பதையும், கர்ப்பிணிகளும் தொடர்ந்து மருந்து உட்கொள்பவர்களும் இந்தச் சோதனையில் இறங்கக் கூடாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கருமையும் வலிமையும்

பார்லியை ஊறவைத்து, முளைகட்டச் செய்து, உலர்த்தினால் மால்ட் கிடைக்கிறது. ஏறக்குறைய எல்லா பீருக்கும் அடிப்படை இதுதான். ஸ்டவுட்டிலும் பெரும்பகுதி வெளிர் நிற மால்ட்தான். அதோடு சேரும் சிறு பங்கு மால்ட்டோ பார்லியோ 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் கருக வறுக்கப்படுகிறது. 1817இல் டேனியல் வீலர் என்பவர் மால்ட்டை எரித்துவிடாமல் கருமையாக்கும், சுழலும் உருளை ஒன்றுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். காபிக்கொட்டை வறுக்கும் உருளையும் அதே வேலையைத்தான் செய்கிறது. தானியமும் கொட்டையும் உலர் வெப்பத்தில் பழுப்பேறும்போது நிகழும் வேதிவினைகளும் பெரும்பாலும் ஒன்றே. ஆகவே ஒரு துளி காபியும் சேராத ஸ்டவுட்டிலேயே காபி மணமும் கசப்புச் சாக்லேட் மணமும் இருக்கும். புதியவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான்: காபி சேராத அயர்லாந்து ஸ்டவுட்டான கின்னஸைக் குடித்துவிட்டு அதில் காபி இருக்கிறது என்று சாதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வலிமை வேறு விஷயம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனின் ஆங்கர் மதுவடிப்பகத்திலிருந்து ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரினின் அரசவைக்கு அனுப்பப்பட்ட கெட்டியான கருப்பு பீரின் வழிவந்தவை இன்று இம்பீரியல் ஸ்டவுட் எனப்படுகின்றன. இவற்றில் ஆல்கஹால் பொதுவாக 8 முதல் 12 சதவீதம் வரை இருக்கும். நம் ஊரில் கருப்பாக இருந்தால் போதை அதிகம் என்றொரு நம்பிக்கை உண்டு, அது தவறு. டிராஃப்ட் கின்னஸ் 4.2 சதவீதம்தான். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி 5 சதவீதத்துக்கு மேல் 8 சதவீதம் வரை உள்ளவை ஸ்ட்ராங் பீர். அவற்றில் பெரும்பாலானவை பொன்னிறத்தில்தான் இருக்கின்றன. நிறம் வறுப்பைச் சொல்கிறது, லேபிளில் உள்ள சதவீத எண் வலிமையைச் சொல்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் கடைக்காரரிடம் சரியான கேள்வியைக் கேட்பார்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்பது பயனுள்ளது. 330 மி.லி. பாட்டிலில் 9 சதவீத ஸ்டவுட் இருந்தால் அதில் உள்ள தூய ஆல்கஹால் ஏறத்தாழ 30 மி.லி.; 5 சதவீதமுள்ள 650 மி.லி. பெரிய பாட்டிலில் அது 32.5 மி.லி. அதாவது கையடக்கமான அந்தச் சின்ன பாட்டில் கிட்டத்தட்ட ஒரு முழு பாட்டிலுக்குச் சமம். சுவைத்துப் பார்ப்பதற்கு ஒருவருக்கு 100 முதல் 120 மி.லி. தாராளமாகப் போதும், ஒரு பாட்டிலை மூவர் பகிர்ந்துகொள்ளலாம்.

காபி எப்போது சேர்ந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

காபியைப் பீரில் சேர்க்கும் நேரம் சுவையைத் தீர்மானிக்கிறது. பீருக்குக் கசப்பைத் தரும் ஹாப்ஸ் பூக்களோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் காபியின் மணம் ஆவியோடு போய், தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்பு மட்டும் தங்கிவிடுகிறது. அடுப்பிலேயே வைத்து மறந்துவிட்ட டிகாக்ஷனின் சுவையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனவே கவனமாகக் காய்ச்சுபவர்கள் நொதித்தல் முடிந்தபின் முழுக் காபிக்கொட்டையைப் பையில் கட்டி, ஓரிரு நாள் பீரில் ஊறவைத்து எடுத்துவிடுகிறார்கள். அல்லது குளிர்ந்த நீரில் பல மணி நேரம் ஊறவைத்து எடுத்த காபிச் சாற்றை, பாட்டிலில் அடைப்பதற்குச் சற்று முன்னால் அளந்து ஊற்றுகிறார்கள். முழுக்கொட்டை ஊறிய பீரில் அப்போதுதான் திறந்த காபித்தூள் டப்பாவின் வாசனை இருக்கும். குளிர்ச்சாறு சேர்ந்த பீரில் காபியின் சுவை சற்றுக் கனமாக, திரவத்தோடு கலந்து நிற்கும். பல லேபிள்கள் எந்த முறை என்பதைச் சொல்கின்றன. படித்துவிட்டு ஊற்றுங்கள்.

இங்கே நம்மவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம் காபித்தூள் கடைகளில் எண்பதுக்கு இருபது, எழுபதுக்கு முப்பது என்று சிக்கரி கலந்து வாங்கிப் பழகியவர்கள், காபி என்றாலே அந்தக் கெட்டியான நிறத்தையும் கசப்பு கலந்த இனிப்பையும் எதிர்பார்க்கிறார்கள். பீரில் சேர்ப்பது பெரும்பாலும் சிக்கரி இல்லாத தனிக்காபி, அதிலும் அராபிகா. அமெரிக்காவின் டாக்ஃபிஷ் ஹெட் நிறுவனம் சிக்கரி வேர் சேர்த்தே ஒரு ஸ்டவுட் காய்ச்சியது உண்டு என்றாலும் அது விதிவிலக்கு. தனி அராபிகாவில் எலுமிச்சைச் சாயலுள்ள புளிப்பும் சிவப்புப் பழங்களின் மணமும் தலைகாட்டும். முதல்முறை குடிப்பவர் அதைப் பீர் கெட்டுவிட்டதன் அடையாளமாக எண்ணிவிடக் கூடும். சுவைக்கப் போவதற்கு முன், கடையில் சிக்கரி சேர்க்காத பீபெரியோ பிளான்டேஷன் ஏ ரகமோ 50 கிராம் வாங்கி, பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் சில நாள் குடித்துப் பழகினால் நாக்கு தயாராகிவிடும். செலவு குறைந்த பயிற்சி இதைவிட வேறில்லை.

பாட்டில்

இந்த வகையில் உலகளவில் பெயர் பெற்றவற்றில் சில: அமெரிக்காவின் ஃபவுண்டர்ஸ் பிரேக்ஃபாஸ்ட் ஸ்டவுட், 8.3 சதவீதம், ஓட்ஸும் சாக்லேட்டும் சேர்ந்தது. கனடாவின் மான்ட்ரியல் நகரத்து தியூ து சியெல் காய்ச்சும் பெஷே மோர்தெல், 9.5 சதவீதம். அமெரிக்காவின் ஏல்ஸ்மித் ஸ்பீட்வே ஸ்டவுட், 12 சதவீதம். டென்மார்க்கின் மிக்கெல்லர், மரநாய் தின்று வெளியேற்றிய கொட்டையிலிருந்து எடுத்த காபியைச் சேர்த்தும் ஒன்றைக் காய்ச்சியது. அந்தக் காபியைப் பற்றிய பேச்சில் இருக்கும் சுவாரசியம் குவளையில் இருப்பதைவிட அதிகம் என்பது என் கருத்து. காபி சேராத, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மிகவும் ஏற்ற வலுவான ஸ்டவுட், இலங்கையின் லயன் ஸ்டவுட், அது 8.8 சதவீதம்.

புதுச்சேரிக் கடைகளில் நினைத்த பாட்டில் நினைத்த நாளில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கிடைக்கும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, அடைக்கப்பட்ட தேதி. காபி சேராத இம்பீரியல் ஸ்டவுட்டை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம். காபி சேர்ந்ததோ சில மாதங்களிலேயே மணத்தை இழக்கத் தொடங்கும். அரைத்த காபித்தூளுக்கு என்ன விதியோ அதே விதி இதற்கும். இரண்டாவது, பாட்டில் இருந்த இடம். கண்ணாடி அலமாரியில் மாலை வெயில் படும்படி நின்ற பாட்டிலையும், கோடையில் குளிரூட்டப்படாத கிடங்கில் கிடந்ததையும் விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். ஃபிரிட்ஜின் பின்வரிசையில் இருந்து எடுத்துத் தரச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் இல்லை.

நகரத்தில் தாங்களே காய்ச்சிப் பரிமாறும் மைக்ரோபிரூவரியில் கருப்பு பீர் குழாயில் ஓடும் நாளாக இருந்தால் அது நல்ல தொடக்கம். அங்கே நைட்ரஜன் கலந்த குழாயா, சாதாரண கரியமில வாயுக் குழாயா என்று கேளுங்கள். கின்னஸ் 1959இல் அறிமுகப்படுத்திய நைட்ரஜன் முறை, பாலாடை போன்ற நுரையைத் தரும். ஆனால் மணத்தை அடக்கிவிடும். காபியைத் தேடிச் செல்பவருக்குச் சாதாரணக் குழாயே மேல்.

கடலூரிலிருந்து வருபவர்களுக்கு: பாட்டிலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய முள்ளோடையைத் தாண்டுவது சட்டத்துக்குப் புறம்பானது, ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் அதற்காகவே காவலர்கள் நிற்கிறார்கள். வாங்கியதைப் புதுச்சேரிக்குள்ளேயே திறப்பதாகத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

ஊற்றுவதற்கு முன்

வெப்பநிலைதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஃபிரிட்ஜில் பாட்டில் ஏறத்தாழ 4 டிகிரியில் இருக்கும். அந்தக் குளிரில் மணம் தரும் சேர்மங்கள் ஆவியாகி மூக்கை எட்டுவதில்லை. நாக்கும் மரத்துப்போய், கசப்பும் குமிழியும் மட்டுமே தெரிகின்றன. இந்த பீருக்கு உகந்தது 10 முதல் 14 டிகிரி வரை. நம் ஊர் அறை வெப்பத்தில், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த 330 மி.லி. பாட்டிலை மேசைமேல் சுமார் அரை மணி நேரம் வைத்தால் அந்த நிலைக்கு வந்துவிடும். அளக்கக் கருவி இல்லாவிட்டால் பாட்டிலைக் கையால் பற்றிப் பாருங்கள்: விரல் சில்லிட்டு விலக நினைத்தால் இன்னும் காத்திருக்க வேண்டும், மண்பானைத் தண்ணீரைவிடச் சற்றுக் கூடுதலான குளிர்ச்சி என்று தோன்றினால் திறக்கலாம். பாரில் குடிக்கிறீர்கள் என்றால், கூலிங் இல்லாமல் வேண்டும் என்று கேட்காதீர்கள். நாள் முழுதும் வெளியே நின்ற சூடான பாட்டில் வந்துசேரும். குளிர்ந்ததையே வாங்கி, மேசையில் காக்க வையுங்கள்.

இடமும் முக்கியம். கடற்கரைச் சாலையைப் பார்த்த மொட்டைமாடி உணவகத்தில் அமர்வது இனிமையானதுதான், ஆனால் அங்கே வீசும் கடற்காற்று குவளைமேல் தேங்கும் மணத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். மின்விசிறி நேராகப் படாத உள்ளறையே சிறந்தது. ஊதுவத்தி, சிகரெட், அத்தர், தலையில் சூடிய மல்லிகை ஆகிய எல்லாமே போட்டியாக வந்து நிற்கும். வெற்றிலையோ காரமான சாப்பாடோ முடித்த கையோடு உட்காராமல், ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

எவர்சில்வர் டம்ளரும் பீர் மக்கும் வேண்டாம். அடிப்பகுதி அகன்று வாய் குறுகிய பிராந்திக் குவளை மிகப் பொருத்தம். அது இல்லையென்றால் ஒயின் குவளை. சோப்பு மணம் சிறிதும் இல்லாமல் வெந்நீரில் அலசிக் கவிழ்த்து உலர்த்தியிருக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய குவளையில் நுரை நிற்காது.

ஊற்றுதலும் பார்த்தலும்

குவளையைச் சாய்த்துப் பிடித்து, பக்கச் சுவரில் வழியவிட்டுத் தொடங்கி, ஊற்ற வேண்டியதில் பாதி ஆனதும் நிமிர்த்தி நடுவில் ஊற்றுங்கள். மூன்றில் ஒரு பங்கு நிறைந்தால் போதும். மேலே உள்ள வெற்றிடம் மணம் சேர்வதற்கானது. பாட்டிலின் அடியில் ஈஸ்ட் வண்டல் தெரிந்தால் கடைசி விரற்கடையைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.

நல்ல இம்பீரியல் ஸ்டவுட்டின் நுரை வெண்மையாக இருக்காது. பழுப்பாக, டபராவில் ஆற்றியபின் காபியின்மேல் நிற்கும் நுரையின் நிறத்தில் இருக்கும். ஆல்கஹால் கூடக் கூட நுரை விரைவாக அடங்குவது இயல்பு, அதைக் குறையாகக் கருத வேண்டாம். குவளையை விளக்குக்கு நேராகப் பிடித்தால் ஓரங்களில் மட்டும் செம்மை தெரியலாம், அல்லது எதுவுமே தெரியாமல் இருக்கலாம். பார்வைக்கு இவ்வளவு நேரம் போதும்.

முகர்தல்

பெரும்பாலான வேலை இங்கேதான் நடக்கிறது. குவளையை உள்ளங்கையால் மூடி மெதுவாக இரண்டு சுற்றுச் சுழற்றி, கையை எடுத்தவுடன் நீண்ட மூச்சாக இழுக்காமல் சிறுசிறு மூச்சாக இரண்டு மூன்று முறை முகருங்கள். முதல் முகர்வில் மேலே வருவது பெரும்பாலும் காபிதான், ஏனென்றால் அதன் மணம் எளிதில் ஆவியாகக் கூடியது. அது எந்தக் காபி என்று கேட்டுக்கொள்ளுங்கள்: இயந்திரத்தில் அரைத்துக்கொண்டிருக்கும்போது கடை வாசலில் வரும் வாசனையா, ஃபில்டரின் மேல்தட்டைத் திறக்கும்போது வரும் ஈரமான மணமா, நேற்றைய டிகாக்ஷனா? முதலாவது என்றால் பீர் புதியது, கொட்டையாக ஊறியது. மூன்றாவது என்றால் காலம் கடந்துவிட்டது அல்லது காபி கொதிக்கவைக்கப்பட்டிருக்கிறது.

பிறகு மூக்கை விலக்கி, சாதாரணக் காற்றைச் சில விநாடி சுவாசித்துவிட்டு மறுபடி போங்கள். இப்போது காபி சற்றுப் பின்வாங்கி, மால்ட் முன்னால் வரும். அடுப்பில் அதிகம் வெந்த ரொட்டியின் ஓரம், பாலில்லாத சாக்லேட், கருப்பட்டிப் பாகு, பேரீச்சை, உலர்திராட்சை போன்றவற்றை இங்கே தேட வேண்டும். அமெரிக்க ஹாப்ஸ் தாராளமாகச் சேர்ந்திருந்தால் ஆரஞ்சுத் தோலோ பைன் மரப் பிசினோ போன்ற மணமும் கூடவே வரும். கடைசியாக, மூக்கைக் குவளைக்குள் நன்றாக இறக்கி ஒருமுறை. இப்போது ரம் பாட்டிலைத் திறந்ததைப் போன்ற இதமான சூடு தெரிந்தால் ஆல்கஹால் ஒழுங்காக இருக்கிறது, நெயில் பாலிஷ் அழிப்பானைப் போல் குத்தினால் நொதித்தல் அளவுக்கு மீறிய வெப்பத்தில் நடந்திருக்கலாம்.

பச்சைக் குடைமிளகாய் நறுக்கிய வாசனை வந்தால் உங்கள் மூக்கைச் சந்தேகிக்காதீர்கள். காபிக்கொட்டையிலும் குடைமிளகாயிலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பைரசீன் சேர்மங்கள் இருக்கின்றன. கொட்டை போதுமான அளவு வறுபடாதபோது இந்த மணம் பீரில் மேலெழுகிறது. காபி ஸ்டவுட்டின் புகழ்பெற்ற குறை இது. சிலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. எனக்கு அடுத்த வாய் குடிக்கத் தோன்றுவதில்லை.

வாயில்

ஒரு தேக்கரண்டி அளவு மட்டும் உறிஞ்சி, நாக்கு முழுதும் பரவவிட்டு, மூன்று நான்கு விநாடி வைத்திருந்து விழுங்குங்கள். ஒயின் சுவைப்பவர்கள் துப்புவதுண்டு. பீரைச் சுவைப்பவர்கள் விழுங்குகிறார்கள். விழுங்கியபின் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். நாம் சுவை என்று சொல்வதன் பெரும்பகுதி அந்த மூச்சில்தான் இருக்கிறது. நம்பிக்கை வராதவர்கள் அடுத்த வாயை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துப் பார்க்கலாம்: கசப்பும் புளிப்பும் இனிப்பும் திரவத்தின் கனமும் மட்டும் தெரியும், காபி இருக்கும் இடமே தெரியாது. விரல்களை எடுத்த கணத்தில் காபி வந்து நிற்கும். மூக்கைப் பிடித்திருந்தபோது இருந்தவை என்ன, விட்டபின் வந்தவை என்ன என்று குறித்துக்கொள்வது எந்தச் சொற்பொழிவையும்விட நன்றாகக் கற்பிக்கும்.

அடுத்தது கசப்பு. இந்தக் குவளையில் மூன்று கசப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன: ஹாப்ஸின் கசப்பு, கருக வறுத்த தானியத்தின் கசப்பு, காபியின் கசப்பு. நாக்கின் நுனியில் இனிப்பும் பின்புறத்தில் கசப்பும் தெரியும் என்று பள்ளிப் பாடத்தில் பார்த்த வரைபடம் சரியானதன்று. நாக்கின் எல்லாப் பகுதிகளும் எல்லாச் சுவைகளையும் உணர்கின்றன. எனவே இடத்தைத் தேடாமல் நேரத்தைக் கவனியுங்கள். என் அனுபவத்தில், காபியின் கசப்பு மணத்தோடு சேர்ந்து விரைவாக வந்து விரைவாகப் போகிறது. வறுத்த தானியத்தின் கசப்பு சற்று வறண்டு, சாம்பல் சாயலோடு, மெல்லிய புளிப்பையும் இழுத்துக்கொண்டு வருகிறது. ஹாப்ஸின் கசப்போ எல்லாம் அடங்கிய பிறகும் ஒரு நிமிடம் வரை தனியாக நிற்கிறது. முதல் இரண்டு மூன்று வாய்களில் இவை பிரிந்து தெரியாது. அவசரப்பட வேண்டாம்.

திரவத்தின் கனத்தையும் கவனிக்க வேண்டும். நொதித்த பிறகும் எஞ்சியிருக்கும் மால்ட் சர்க்கரைகளால் இது நாக்கில் வழவழப்பாக, சாதாரண பீரைவிடக் கெட்டியாக இருக்கும். ஓட்ஸ் சேர்ந்திருந்தால் பட்டுப்போல் இறங்கும். இந்தக் கெட்டியும் இனிப்பும்தான் மூன்று கசப்புகளையும் தாங்கிப் பிடிக்கின்றன. தண்ணீராக ஓடிவிட்டு, கசப்பை மட்டும் விட்டுச்செல்லும் பீர், லேபிளில் என்ன எழுதியிருந்தாலும் சரியாக அமையாத பீர்.

இனி குவளையை வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வாய். 10 டிகிரியில் இறுக்கமாக, காபியும் கசப்புமாக இருந்தது, 16, 18 டிகிரிக்கு வரும்போது கருப்பட்டியும் பழமுமாகத் தளர்ந்திருக்கும். பெரும்பாலான நல்ல ஸ்டவுட்டுகள் பாதிக் குவளைக்குப் பிறகே முழுமையாகப் பேசத் தொடங்குகின்றன. அறை வெப்பத்துக்கே வந்துவிட்டால், நம் ஊரில் அது 30 டிகிரி, ஆல்கஹால் மட்டும் மிஞ்சி நிற்கும். அதற்கு முன் முடித்துவிடுவது நல்லது.

ஒப்பிட்டுக் கற்றல்

காபி ஸ்டவுட் கிடைக்காத நாளிலும் செய்யக்கூடிய, என் கருத்தில் எல்லாவற்றிலும் பயனுள்ள பயிற்சி ஒன்று உண்டு. சிக்கரி இல்லாத காபியைக் கொரகொரப்பாக அரைக்கச் சொல்லி வாங்கி, 50 கிராமுக்கு அரை லிட்டர் குளிர்ந்த நீர் என்ற கணக்கில் கலந்து, மூடி, ஃபிரிட்ஜில் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். காபி சேராத ஸ்டவுட் ஒன்றை வாங்கி, மூன்று குவளைகளில் 60 மி.லி. வீதம் ஊற்றுங்கள். முதலாவதில் எதுவும் சேர்க்க வேண்டாம். இரண்டாவதில் 3 மி.லி. காபிச் சாறு, மூன்றாவதில் 9 மி.லி. குழந்தைகளுக்கு மருந்து ஊற்றும் சிறு அளவைக் குழல் இதற்கு மிக வசதி. மதுவடிப்பகங்களிலும் எவ்வளவு காபி சேர்ப்பது என்று முடிவு செய்ய இதே முறையில்தான் சிறு அளவில் கலந்து சுவைத்துப் பார்க்கிறார்கள்.

முதல் குவளையில் நீங்கள் காபி என்று நினைத்தது உண்மையில் வறுத்த தானியம் என்பது, இரண்டாவதை முகர்ந்தவுடன் தெளிவாகும். மூன்றாவதில் பெரும்பாலும் காபி மேலேறி, பீரின் கனம் குறைந்து, புளிப்பு துருத்திக்கொண்டு நிற்கும். காபி அதிகம் சேர்ந்ததே சிறந்த காபி ஸ்டவுட் என்ற எண்ணம் அதோடு போய்விடும். சாற்றுக்கு ஒருமுறை சிக்கமகளூர் அராபிகாவையும், இன்னொரு முறை மழைக்காலக் காற்றில் பதப்படுத்தி மலபார் என்ற பெயரோடு விற்கப்படும், புளிப்பு குறைந்த ரகத்தையும் எடுத்துச் செய்து பார்த்தால் வேறுபாடு துலக்கமாகத் தெரியும்.

குறைகளும் துணை உணவும்

நனைந்த அட்டைப்பெட்டி வாசனை காற்றுப்பட்டுப் பழசானதையும், சோயா சாஸ் வாசனை நெடுங்காலம் சூட்டில் கிடந்ததையும், வினிகர் புளிப்பு நுண்ணுயிர் புகுந்ததையும் காட்டுகின்றன. இவற்றைப் பழகிக்கொள்ள வேண்டிய சுவை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பீர் என்றால் மிளகாய் தூக்கலான சிக்கனும் காரக்கடலையும் என்பது நம் வழக்கம். இந்த பீரோடு அது ஒத்துவராது. ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும், எரியும் நாக்குக்குக் காபி தெரியாது. மிளகாய்த்தூள் போடாமல் வெறுமனே வறுத்த பண்ருட்டி முந்திரி மிக நல்ல துணை. ஆரோவில்லின் லா ஃபெர்ம் பண்ணைச் சீஸில் ஒரு துண்டும், பிரெஞ்சு ரொட்டியும் இருந்தால் வேறு எதுவும் தேவையில்லை. இனிப்பில், பால்கோவா சிறிதளவு எடுத்து வாயில் கரையவிட்டு அதன்மேல் ஒரு வாய் குடித்துப் பாருங்கள்: பாலின் கொழுப்பு கசப்பைத் தணித்து, நாம் அறிந்த காபியை அந்த பீரிலிருந்து வெளியே கொண்டுவரும். அதைவிட இனிப்பான ஜாங்கிரி வகைகளோடு பீர் வெறும் கசப்பாகிவிடுகிறது.

மீந்த பாட்டிலை இறுக மூடி ஃபிரிட்ஜில் நிறுத்திவைத்தால் மறுநாள் வரை தாங்கும். குமிழி குறைந்திருந்தாலும் சுவை பெரிதும் கெடாது.

குடித்த பிறகு

காபி இருக்கிறதே, போதை தெளிந்துவிடும் என்ற எண்ணம் ஆபத்தானது. காஃபீன் தூக்கத்தை விரட்டுமே தவிர ரத்தத்தில் உள்ள ஆல்கஹாலைக் குறைக்காது. எவ்வளவு குடித்தோம் என்ற உணர்வை மட்டுமே மழுங்கச் செய்யும். 2010இல் அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மதுபானங்களில் தனியாகக் காஃபீன் சேர்த்து விற்ற நான்கு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது இந்தக் காரணத்தால்தான். காபிக்கொட்டையால் இயல்பாக வரும் காஃபீன் காபி ஸ்டவுட்டில் பெரும்பாலும் ஒரு டம்ளர் காபியில் இருப்பதைவிடக் குறைவு என்றாலும், இரவு பத்து மணிக்குக் குடித்தால் சிலருக்குத் தூக்கம் தள்ளிப்போகும். மாலை ஆறு, ஏழு மணி ஏற்ற நேரம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹாலோடு வண்டி ஓட்டுவது குற்றம். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். 9 சதவீத ஸ்டவுட்டில் ஒரு சின்ன பாட்டிலே பலரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும். புதுச்சேரியிலிருந்து கடலூர் 25 கி.மீ.க்கும் குறைவான தூரம்தானே என்று இருசக்கர வாகனத்தை எடுக்காமல், அதை நண்பர் வீட்டில் விட்டுவிட்டுப் பேருந்தில் ஏறுங்கள். வண்டியை மறுநாள் காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம்.